பல் வெளுக்க வேண்டும், எனாமல் தேயக் கூடாது: வாசகர் கேள்வி – பதில்

பற்களின் நிறம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். குமரி மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இரண்டையே கேட்கின்றன: எதைப் போட்டுத் தேய்த்தால் வெளுக்கும், கல்யாணத்துக்குள் வெளுத்துவிடுமா. இரண்டுக்கும் பதில் சொல்லுமுன் உங்கள் பல்லின் மஞ்சள் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல்லின் மேல் படிந்த கறையா, பல்லுக்குள்ளேயே இருக்கும் நிறமா? ஒன்றுக்குச் செய்ய வேண்டியதை மற்றொன்றுக்குச் செய்வதால்தான் பெரும்பாலான பற்கள் கெடுகின்றன.

யூடியூபில் பார்த்து எலுமிச்சைச் சாற்றில் சமையல் சோடாவைக் குழைத்து ஒருநாள் விட்டு ஒருநாள் பல் தேய்த்தேன். இடையிடையே பாட்டி சொன்னபடி உமிக்கரியும் உப்பும். முதலில் பளிச்சென்று இருந்தது. இப்போது ஐஸ் தண்ணீர் குடிக்க முடியவில்லை, பல்லும் முன்னைவிட மஞ்சளாகத் தெரிகிறது. ஏன்?
– கல்லூரி மாணவி, நாகர்கோவில்

இரண்டையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். உங்கள் பல்லில் நடந்தது இதுதான்.

பல்லின் மேலுறையான எனாமல் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். எடையில் ஏறத்தாழ 96 சதவீதம் தாது உப்பு. கடிக்கும் முனைகளில் இரண்டரை மில்லிமீட்டர் வரை தடிமன் இருக்கும். ஈறை ஒட்டிய கழுத்துப் பகுதிக்கு வரும்போது காகிதம்போல் மெலிந்துவிடும். அதில் உயிருள்ள செல்கள் கிடையாது, அதனால் தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. எனாமல் ஒளியை ஓரளவு உள்ளே விடும். அதன் கீழே உள்ள டென்டின் என்ற அடுக்கு இயற்கையிலேயே மஞ்சள். எனாமல் மெலிய மெலிய அந்த மஞ்சள் கூடுதலாகத் தெரியும். வெளுக்க வைக்கத் தேய்த்த பல் கடைசியில் மஞ்சளாவது இப்படித்தான்.

வாயின் பி.எச். (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5.5-க்குக் கீழே போனால் எனாமலின் தாதுக்கள் கரையத் தொடங்கும். எலுமிச்சைச் சாற்றின் பி.எச். 2-லிருந்து 2.6 வரை. சமையல் சோடா அந்தப் புளிப்பை ஓரளவு முறிக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டில் யாரும் அளந்து கலப்பதில்லை. சாறு கூடினால் மிஞ்சுவது அமிலம். சோடா கூடினால் எலுமிச்சைக்கு அங்கே வேலையே இல்லை. முதல் சில நாள் கிடைத்த பளிச்சுக்கு இரண்டு காரணங்கள்: மேற்கறை உரசப்பட்டுப் போனது ஒன்று, அமிலம் அரித்த பரப்பு சுண்ணாம்புபோல் வெளிறிக் காட்டியது மற்றொன்று. அரிப்புக்கு உள்ளான எனாமல் சில நிமிடங்களுக்கு மிருதுவாக இருக்கும். அந்த நேரத்தில் பிரஷ்ஷோ பொடியோ பட்டால் அடுக்கடுக்காகப் போய்விடும். நீங்கள் புளிப்பையும் தேய்ப்பையும் ஒரே நேரத்தில் செய்திருக்கிறீர்கள்.

உமிக்கரியின் மேல் நம் வீடுகளில் இருக்கும் நம்பிக்கை பெரியது. பேஸ்ட் இல்லாத காலத்தில் விரலால் மெல்லத் தேய்த்த வரை அது பெரிய தீங்கும் செய்திருக்காது. ஆனால் நெல் உமி சிலிக்கா நிறைந்தது. கருக்கிய உமியிலும் அந்தச் சிலிக்கா அப்படியே இருக்கும், எவ்வளவு இடித்தாலும் துகள் ஒரே அளவில் வராது. அதை பிரஷ்ஷில் தொட்டு அழுத்தித் தேய்ப்பது உப்புத்தாள் போடுவதற்குச் சமம். கல்லுப்பும் அப்படியே. செங்காவி நிறப் பல்பொடிகளில் காவி மண் சேர்ந்திருந்தால் அதையும் இதே வரிசையில் வையுங்கள்.

இனி செய்ய வேண்டியது. மிருதுவான நார் உள்ள பிரஷ், ‘சாஃப்ட்’ என்று அச்சிட்டிருக்கும். பற்கூச்சத்துக்கான பேஸ்ட், அட்டையில் பொட்டாசியம் நைட்ரேட் 5 சதவீதம் என்று இருக்க வேண்டும், ஃப்ளூரைடும் இருந்தால் நல்லது. காலை, இரவு இரண்டு நிமிடம். துலக்கியபின் நுரையைத் துப்புங்கள், கை நிறையத் தண்ணீர் எடுத்துக் கொப்பளிக்க வேண்டாம். கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய மருந்து கழுவிப் போய்விடும். எலுமிச்சை போட்ட நன்னாரி சர்பத், நெல்லிக்காய், மாங்காய் இவற்றை நிறுத்த வேண்டியதில்லை. உறிஞ்சி உறிஞ்சி அரைமணி நேரம் வைத்திருக்காமல் குடித்து முடியுங்கள், வெறும் தண்ணீரால் வாயை அலசுங்கள், அரைமணி நேரம் கழித்தே பிரஷ்ஷைத் தொடுங்கள். கூச்சம் குறைய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். ஒரே ஒரு பல்லில் மட்டும் சுள்ளென்று வலித்தாலோ, குளிர் பட்ட வலி அரை நிமிடத்துக்கு மேல் நின்றாலோ அது எனாமல் கூச்சமாக இருக்காது. சொத்தையா, விரிசலா என்று பார்க்க வேண்டும்.

மகளுக்கு தை மாதம் கல்யாணம். பல் மஞ்சளாக இருக்கிறது என்று அவளுக்கு மிகுந்த குறை. ஒரே நாளில் வெளுக்க வைக்கலாம் என்கிறார்கள். பியூட்டி பார்லரிலும் செய்கிறார்களாம். எது நல்லது? முன்பல் ஒன்று அடைத்தது.
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பார்லரில் வேண்டாம். வெளுக்கும் மருந்து ஈறில் பட்டால் புண்ணாகும், சொத்தைக்குள் இறங்கினால் பல் நரம்பைத் தாக்கும். வாயைப் பரிசோதிக்கத் தெரியாதவர் கையில் அந்த மருந்து இருக்கக் கூடாது. பல் மருத்துவக் கவுன்சிலில் பதிவு பெற்றவரிடம் மட்டும் போங்கள்.

முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு வாரம் முன்பே முதல் பரிசோதனை. காரை (பல்லில் இறுகிப் படிந்த அழுக்கு) எடுத்துச் சுத்தம் செய்வது, சொத்தையை அடைப்பது, ஈறில் ரத்தம் வந்தால் அதைச் சரிசெய்வது எல்லாம் அப்போதே முடிய வேண்டும். பல பெண்களுக்கு இந்தச் சுத்தம் செய்வதிலேயே பாதிக் குறை தீர்ந்துவிடும். அதோடு போதும் என்று தோன்றினால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள், அதுதான் மிகப் பாதுகாப்பான வெண்மை.

இன்னும் வேண்டுமென்றால் ஆறு வாரம் முன்பு ப்ளீச்சிங், அதாவது மருந்தால் வெளுக்க வைப்பது, தொடங்கலாம். நாங்கள் பரிந்துரைப்பது இரவு ட்ரே முறை. 1989-ல் அமெரிக்கப் பல் மருத்துவர்கள் ஹேவுட், ஹெய்மன் இருவரும் வெளியிட்டது, இன்றுவரை மிக அதிகமாக ஆராயப்பட்டதும் இதுதான். மருத்துவர் மேல், கீழ்ப் பல் வரிசைக்கு அளவெடுத்து, அச்சு வார்த்து, மெல்லிய மிருதுவான பிளாஸ்டிக்கில் ட்ரே செய்து தருவார். ட்ரேயின் ஓரம் ஈறின் மேல் ஏறாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும். ஏறினால் ஈறு வெந்துபோகும். அதில் போடுவது 10 சதவீதக் கார்பமைடு பெராக்சைடு ஜெல். அது வாயில் பிரியும்போது கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஏறத்தாழ மூன்றரை சதவீதம்தான்.

இரவு சாப்பிட்டுப் பல் துலக்கியபின், வெளியில் தெரியும் ஒவ்வொரு பல்லுக்கும் நேராக ட்ரேயின் முன்பக்க உட்சுவரில் அரிசி அளவு ஜெல். அதற்கு மேல் வேண்டாம். ட்ரேயை மாட்டி, ஈறில் வழிந்ததை விரலாலோ மிருதுவான பிரஷ்ஷாலோ துடைத்துவிட வேண்டும். தூக்கம் முழுவதும் வைத்திருக்கலாம். காலையில் கழற்றி வாயை அலசி, ட்ரேயைக் குளிர்ந்த தண்ணீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் வடிவம் மாறிவிடும். ஜெல்லை ஃப்ரிட்ஜில் வையுங்கள், சூட்டில் பெராக்சைடு வீரியம் இழக்கும். பத்திலிருந்து பதினான்கு இரவில் பலன் தெரியும். கோரைப் பல் மற்றவற்றைவிடக் கொஞ்சம் மஞ்சளாகவே நிற்கும், அது இயற்கை. அதைச் சமன் செய்கிறேன் என்று நாட்களை நீட்ட வேண்டாம்.

பெராக்சைடு எனாமலைத் தேய்ப்பதில்லை. அதனூடே டென்டினுக்குள் போய், நிறமூட்டும் பெரிய மூலக்கூறுகளை ஆக்சிஜனேற்றத்தால் உடைத்து வெளிறச் செய்கிறது. அதே நேரம் நரம்பையும் தொட்டுவிட்டு வருவதால் கூச்சம் வரலாம். வந்தால் ஓர் இரவு விடுங்கள். அல்லது பொட்டாசியம் நைட்ரேட் பேஸ்ட்டை ட்ரேயில் போட்டு பத்து நிமிடத்திலிருந்து அரைமணி நேரம் வரை மாட்டுங்கள், அடங்கும். பொறுத்துக்கொண்டு அளவைக் கூட்டுவதுதான் தவறு.

ஒரே நாளில் செய்வது 35 அல்லது 40 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. ஈறை ஒரு பிசினால் மூடி, 15 – 20 நிமிடமாக இரண்டு மூன்று தடவை பூசுவார்கள். நல்ல மருத்துவர் கையில் இதுவும் பாதுகாப்பானதே, ஆனால் கூச்சம் அதிகம். நீல விளக்கு வைப்பதால் பெரிய கூடுதல் பலன் இல்லை. நாற்காலியை விட்டு எழும்போது தெரியும் வெண்மையில் ஒரு பங்கு, பல் உலர்ந்ததால் வந்தது. ஈரம் திரும்பியதும் ஓரிரு நாளில் அது இறங்கிவிடும். கல்யாணத்துக்கு முந்தின நாள் செய்துகொண்டு மேடையில் கூச்சத்தோடு ஐஸ்கிரீம் சாப்பிட வைக்காதீர்கள்.

அடைத்த பல் பற்றி: பல் நிற அடைப்பும் கேப்பும் (பல்லின் மேல் மாட்டும் உறை) ப்ளீச்சிங்கில் வெளுக்காது. சுற்றியுள்ள பல் வெளுத்ததும் அந்த அடைப்பு தனியாகத் தெரியும். புது நிறத்துக்குப் பொருத்தமாக மாற்றி அடைக்க வேண்டியிருக்கும். ஆனால் ப்ளீச்சிங் முடித்த உடனே அடைத்தால் பல்லில் தங்கியிருக்கும் ஆக்சிஜன் பிடிமானத்தைக் கெடுக்கும்; இரண்டு வாரம் இடைவெளி வேண்டும். அதனால்தான் கல்யாணத்துக்கு நான்கு வாரம் முன்பே ப்ளீச்சிங் முடிய வேண்டும் என்கிறோம். 18 வயது ஆகாதவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள் ப்ளீச்சிங்கைத் தள்ளிப்போடுவதே சரி.

அப்பா கடலுக்குப் போகிறவர். பல வருடமாக முறுக்கான் (வெற்றிலை பாக்கு) போடுகிறார், பொயிலையும் உண்டு. பல் முழுக்கக் கருஞ்சிவப்பு. வெளுக்க என்ன பேஸ்ட் வாங்கிக் கொடுக்கலாம்? காரமாகச் சாப்பிட்டால் வாய் எரிகிறது என்று வேறு சொல்கிறார்.
– ஒரு மகள், குளச்சல்

கறையை விடுங்கள் அம்மா, அந்த எரிச்சலைப் பார்க்க வேண்டும். பாக்கு மெல்லுபவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் நாராக இறுகிக்கொண்டே வரும் நோய் உண்டு. முதல் அறிகுறி காரம் பட்டால் எரிவது. பிறகு வாய் திறப்பது குறையும். அப்பாவின் நடு மூன்று விரலை நிமிர்த்தி வைத்து முன்பற்களுக்கு நடுவே நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றாலும், கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் இருந்தாலும், அடுத்த தடவை கடலுக்குப் போகுமுன் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். புகையிலை இல்லாத வெறும் பாக்கையும் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியிருக்கிறது.

கறை என்று பார்த்தால் அது மேற்கறைதான். சுண்ணாம்பும் எச்சிலின் தாதுவும் சேர்ந்து காரையாக இறுகி, அதன் மேல் பாக்கின் நிறம் ஏறியிருக்கும். எந்தப் பேஸ்ட்டாலும் அது போகாது. அல்ட்ராசானிக் கருவியால் எடுத்து, மெருகு போட வேண்டும், ஒன்றிரண்டு அமர்வில் முடியும். முறுக்கானை விடாமல் எடுத்தால் சில வாரத்திலேயே திரும்பிவிடும்.

பல் கிளீனிங் செய்தால் எனாமல் போய்விடும், பல் ஆடும், இடைவெளி விழும் என்கிறார்களே?
– வாசகர், கருங்கல்

கருவியின் முனை அதிர்ந்து காரையை உடைக்கிறது, கூடவே தண்ணீர் அடிக்கிறது. பக்கவாட்டில் மெல்லப் பிடித்துச் செய்தால் எனாமல் போகாது. இடைவெளி ஏற்கனவே இருந்தது, அதைக் காரை அடைத்திருந்தது. ஈறு வீக்கம் வற்றுவதால் அது இன்னும் கொஞ்சம் தெரியும். ஆடும் பல் எலும்பு கரைந்ததால் ஆடுவது. இதுவரை காரை ஒன்றோடொன்று பிணைத்து அதை மறைத்திருக்கும். எனவே காரை சேரச் சேர விட்டுவைக்காமல், ஆறு மாதத்துக்கோ ஒரு வருடத்துக்கோ ஒருமுறை காட்டுங்கள். செலவு பார்ப்பவர்கள் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் விசாரிக்கலாம், கட்டணம் குறைவாக இருக்கும்.

ஏத்தம்பழத் தொலியின் உட்பக்கத்தைப் பல்லில் தேய்த்தால் வெளுக்குமா? தேங்காய் எண்ணெய் கொப்பளித்தால்?
– வாசகி, குலசேகரம்

தொலியால் வெளுக்காது, கெடவும் கெடாது. எண்ணெய் கொப்பளிப்பது வாய்க்கு இதமாக இருக்கும், ஆனால் பல்லின் நிறத்தை மாற்றாது. விருப்பமிருந்தால் செய்யுங்கள், துலக்குவதற்குப் பதிலாக வேண்டாம்.

ஆன்லைனில் வயலட் நிறச் சீரம், கரிப் பேஸ்ட், ஒட்டும் ஸ்ட்ரிப் எல்லாம் வருகின்றன. எதை நம்பலாம்? மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடைத் தண்ணீர் கலந்து கொப்பளிக்கலாமா?
– வாசகர், இரணியல்

வயலட் நிறம் மஞ்சளை மறைத்துக் காட்டும் சாயம். சில மணி நேரத்தில் போய்விடும், பல்லில் எந்த மாற்றமும் நடக்காது. கரிப் பேஸ்ட் மேற்கறையை உரசி எடுக்கிறது. எவ்வளவு உரசும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், பலவற்றில் ஃப்ளூரைடும் இல்லை. கரித்துகள் ஈறு ஓரத்திலும் பழைய அடைப்பின் விளிம்பிலும் புகுந்து கருங்கோடாகத் தங்குவதும் உண்டு. சாதாரண ‘வெண்மை’ பேஸ்ட்டுகள் தேநீர்க் கறையை ஓரளவு குறைக்கும், உள்நிறத்தைத் தொடாது. அவற்றில் சற்றுச் சொரசொரப்பு கூடுதல் என்பதால் கூச்சம் உள்ளவர்கள் தவிர்க்கலாம்.

ஸ்ட்ரிப்பில் என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எழுதாததை வாயில் வைக்காதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.1 சதவீதத்துக்கு மேல் ஹைட்ரஜன் பெராக்சைடு உள்ள பல் வெளுப்பான்களைக் கடையில் நேரடியாக விற்க முடியாது. 6 சதவீதம் வரையிலானது பல் மருத்துவர் வழியாகத்தான். மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் அதே 6 சதவீதம், காயம் கழுவும் கரைசல், புளிப்புத் தன்மை உள்ளது. பல்லோடு பொருந்தி நிற்காமல் வாய் முழுக்க ஓடும். தினமும் கொப்பளிப்பதால் வெளுப்பதைவிட நாக்கும் ஈறும் புண்ணாவதே அதிகம்.

ஏழு வயது மகனுக்குப் புதிதாக முளைத்த முன்பற்கள் மஞ்சள். பக்கத்துப் பால் பற்கள் வெள்ளை. மூன்று வயது மகளுக்கு இரும்புச் சத்து மருந்து கொடுத்ததில் பல் கறுத்துவிட்டது.
– ஒரு தந்தை, தக்கலை

மகனுக்கு ஒன்றுமில்லை. நிரந்தரப் பல்லில் டென்டின் அதிகம், பால் பல்லுக்குப் பக்கத்தில் அப்படித்தான் தெரியும். பால் பற்கள் எல்லாம் விழுந்தபின் வேறுபாடு மறையும். முளைத்த புதிதில் எனாமல் முழுமையாக இறுகியிருக்காது, அதனால் வெளுக்க வைக்க எதையும் தேய்க்காதீர்கள்.

மகளின் கறை இரும்பு மருந்தின் மேற்கறை. பல் மருத்துவர் மெருகு போட்டால் போய்விடும். மருந்தை நிறுத்த வேண்டாம். சிரிஞ்சாலோ டிராப்பராலோ நாக்கின் பின்பக்கம் விட்டு, உடனே தண்ணீர் குடிக்கக் கொடுங்கள். மூன்று வயதுக்குக் கீழே அரிசி அளவு பேஸ்ட், மூன்றிலிருந்து ஆறு வரை பட்டாணி அளவு. அதை விழுங்காமல் துப்பப் பழக்குங்கள்.

பைக்கிலிருந்து விழுந்தபின் முன்பல் ஒன்று சாம்பல் நிறமாகிவிட்டது. ரூட் கெனால் செய்தாயிற்று. ப்ளீச்சிங் ட்ரே போட்டால் வெளுக்குமா?
– வாசகர், ஆரல்வாய்மொழி

வெளியிலிருந்து போட்டால் மற்ற பற்களும் சேர்ந்து வெளுக்கும், வேறுபாடு அப்படியே நிற்கும். உங்களுக்கு உள்ளிருந்து வெளுக்க வைக்கும் முறை பொருந்தும். பல்லின் பின்புறம் திறந்து, வேர் அடைப்பின் மேல் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு காப்பு அடைப்பு வைத்து, அதன் மேல் சோடியம் பெர்போரேட் என்ற வெளுக்கும் மருந்தைத் தண்ணீரில் குழைத்து வைத்து மூடிவிடுவார்கள். சில நாளுக்கு ஒருமுறை மாற்றி, மூன்று நான்கு தடவையில் நிறம் வரும். அந்தக் காப்பு அடைப்பைத் தவிர்த்தாலோ, வேகமாக வெளுக்க வீரியமான பெராக்சைடைச் சூடாக்கிப் பயன்படுத்தினாலோ, பின்னாளில் ஈறு ஓரத்தில் வேர் கரையத் தொடங்கும் ஆபத்து உண்டு. காப்பு அடைப்பு வைக்கிறீர்களா என்று தயங்காமல் கேளுங்கள். கேப் போட அவசரப்பட வேண்டாம், கேப்புக்குப் பல்லைச் சுற்றிலும் செதுக்க வேண்டியிருக்கும்.

சொந்த ஊர் தருமபுரி. பல்லில் வெள்ளைக் கீற்றும் பழுப்புத் திட்டும் சிறுவயது முதல் உண்டு. இங்கே வந்து தண்ணீர் மாறியும் போகவில்லை.
– வாசகி, வடசேரி

எனாமல் உருவாகும் காலத்தில் தண்ணீரில் ஃப்ளூரைடு மிகுந்திருந்ததால் வந்தது. பற்கள் உருவாகி முடிந்தபின் தண்ணீர் மாறினாலும் அது மாறாது, புதிதாகவும் வராது. ப்ளீச்சிங் மட்டும் செய்தால் வெள்ளைக் கீற்று இன்னும் எடுப்பாகத் தெரியக்கூடும். பழுப்புத் திட்டுக்கு மேற்பரப்பை மைக்ரான் கணக்கில் மெல்ல எடுக்கும் முறையும், வெள்ளைத் திட்டுக்குள் பிசினை ஊற விடும் முறையும் உண்டு. திட்டு எவ்வளவு ஆழம் என்று பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும். ஊரில் இன்னும் குழந்தைகள் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்றால் பரிசோதிக்கச் சொல்லுங்கள்: லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கொதிக்க வைத்தால் ஃப்ளூரைடு போகாது, தண்ணீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

ரப்பர் பால் வெட்டும் வேலை. விடியுமுன் தொடங்கி நாலைந்து கட்டன் சாயா குடிக்கிறேன். கறை வராமல் இருக்க வழி உண்டா? இடதுபக்கப் பற்களில் ஈறு ஓரம் பள்ளமாகவும் இருக்கிறது.
– வாசகர், பேச்சிப்பாறை

தேநீரில் உள்ள டானின்தான் கறை. பால் சேர்த்தால் பாலின் புரதம் டானினைப் பிடித்துக்கொள்வதால் கறை குறையும். கட்டன்தான் வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் பின் ஒரு வாய்த் தண்ணீர் குடியுங்கள். ஈறு வீக்கத்துக்காகக் குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பான் யாராவது கொடுத்திருந்தால் சொன்ன நாளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம். அதுவும் தேநீரும் சேர்ந்தால் பழுப்புக் கறை வேகமாகப் பிடிக்கும்.

அந்தப் பள்ளம்தான் கவனிக்க வேண்டியது. வலக்கையால் துலக்குபவர்களுக்கு இடப்பக்கக் கோரைப்பல், முன்கடைவாய்ப் பற்களின் மேல் அழுத்தம் அதிகம் விழும். கடினமான பிரஷ்ஷால் குறுக்காக இழுக்கும்போது கழுத்தில் ‘வி’ வடிவில் வெட்டு விழுகிறது. கறையைப் போக்கத்தான் அழுத்தித் தேய்த்திருப்பீர்கள். மிருதுவான பிரஷ்ஷை ஈறுக்குச் சாய்வாக, 45 பாகையில் வைத்து, பென்சில் பிடிப்பதுபோல் விரல்களால் பிடித்து, இடத்திலேயே சிறிதாக அசைத்து ஈறிலிருந்து பல் முனை நோக்கி உருட்டுங்கள். ஒரு மாதத்திலேயே பிரஷ்ஷின் நார் விரிந்தால் இன்னும் அழுத்துகிறீர்கள் என்று பொருள். பள்ளம் ஆழமாக இருந்தால், நகத்தால் தொட்டால் கூசினால், அடைத்துக்கொள்ளுங்கள். பழக்கத்தை மாற்றியபின் அடைத்தால்தான் அடைப்பு நிற்கும்.